சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ், மரீனா பே: எம்ஆர்டியில் வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர் வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இந்த வட்டாரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். வங்கிக் கோபுரங்கள் நிற்கும் ராஃபிள்ஸ் பிளேஸ்தான் நடுநாயகம். அதற்குக் கிழக்கேயும் தெற்கேயும் மரீனா பே, வடக்கே கடைத்தொகுதிகள் நிறைந்த சிட்டி ஹால், தென்மேற்கே பழைய தெலுக் ஆயர் தெரு. எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. எம்ஆர்டி எனும் நகர ரயிலில் வந்து, நடந்தே பார்த்துவிடலாம்.

எந்த நிலையத்தில் இறங்குவது? பெயர்களே குழப்புகின்றனவே?

குழப்பம் வருவது இயல்புதான். மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டலைப் பார்க்கக் கிளம்புபவர்கள் பலர் மரீனா பே நிலையத்தில் இறங்கிவிடுகிறார்கள். மூன்று கோபுரங்களின் மேல் கப்பல் போல ஒன்று படுத்திருக்குமே, அந்தக் கட்டடத்துக்கு பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். மரீனா பே நிலையம் எதிர்ப்பக்கத்தில், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து நடக்கலாம், ஆனால் வெயிலில் அது வீண் நடை.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை, ஆற்றங்கரை, வங்கிக் கோபுரங்கள் என்றால் ராஃபிள்ஸ் பிளேஸ். சிவப்புத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கும் இடம் அது. கடைகளுக்கு அதற்கு அடுத்த நிலையமான சிட்டி ஹால். பழைய தெருக்களுக்கும் கோயில்களுக்கும் நீலத் தடத்தில் தெலுக் ஆயர், அல்லது பழுப்புத் தடத்தில் மேக்ஸ்வெல். கார்டன்ஸ் பை தி பே பூங்காவுக்குப் பழுப்புத் தடத்தில் அதே பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. பேஃபிரண்டில் இறங்கி எக்ஸிட் பி வழியாகவும் பூங்காவுக்குள் போகலாம்.

நிலையத்தின் பெயர் நடைமேடைப் பலகைகளில் தமிழிலும் எழுதப்பட்டிருக்கும். அம்மா அப்பாவைத் தனியாக அனுப்பும்போது இது பெரிய துணை. சிட்டி ஹாலைப் பலகையில் ‘நகர மண்டபம்’ என்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து நேராக வர முடியுமா?

ஒரு தடவை மாற வேண்டும். விமான நிலையத்து ரயில் தானா மேரா வரை வரும். அங்கே இறங்கி, துவாஸ் லிங்க் பக்கம் போகும் பச்சைத் தட ரயிலில் ஏறினால் சிட்டி ஹால், அடுத்தது ராஃபிள்ஸ் பிளேஸ். பேஃபிரண்ட் போகிறவர்கள் வழியில் எக்ஸ்போ நிலையத்திலேயே இறங்கி நீலத் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். எப்படியும் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெட்டிகளோடு நேராக இங்கே வர வேண்டாம். அறையில் வைத்துவிட்டு வாருங்கள். மாலையில் வேலை முடிந்து கூட்டம் ஏறும் நேரத்தில் இரண்டு பெட்டிகளோடு ராஃபிள்ஸ் பிளேஸில் நிற்பது உங்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம்.

டிக்கெட் எங்கே வாங்குவது?

ஒரு பயணத்துக்கு மட்டும் சீட்டு வாங்கும் வழக்கம் 2022-லேயே நின்றுவிட்டது. இப்போது எல்லாம் கார்டுதான். தட்டிப் பணம் கட்டும் வசதி உள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு கையில் இருந்தால் அதையே வாயிலில் தட்டி உள்ளே போகலாம், தட்டி வெளியே வரலாம். வெளிநாட்டு வங்கியின் கார்டு என்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். உங்கள் வங்கி தன் பங்குக்கு வெளிநாட்டுக் கட்டணம் எடுக்கிறதா என்பதையும் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் நிலையத்திலேயே பயண அட்டை வாங்கிப் பணம் நிரப்பிக்கொள்ளலாம்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. பக்கத்து நிலையத்துக்கு ஒரு வெள்ளிக்குச் சற்று மேல், தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனாலும் இரண்டரை வெள்ளியை ஒட்டித்தான் வரும். (இங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) ரயிலிலிருந்து இறங்கி முக்கால் மணி நேரத்துக்குள் பேருந்தில் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகத்தான் கணக்காகும். முதலிலிருந்து மறுபடி வசூலிக்க மாட்டார்கள்.

இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டைத் தட்டி நான்கு பேர் உள்ளே போக முடியாது. அப்புறம், உள்ளே போகும்போது எதைத் தட்டினீர்களோ அதையேதான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். கார்டைத் தட்டி உள்ளே போய், அதே கார்டு பதிந்திருக்கும் கைப்பேசியைத் தட்டி வெளியே வந்தால் கணினிக்கு அவை இரண்டு வேறு கார்டுகள். தேவையில்லாமல் கூடுதல் பணம் போகும்.

சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸ் வாங்கலாமா?

ஒன்று, இரண்டு, மூன்று நாள் பாஸ்கள் கிடைக்கின்றன, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆனால் இந்த வட்டாரத்தை மட்டும் பார்ப்பதற்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. இங்கே பெரும்பாலும் நடைதான். ஒரே நாளில் தீவு முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும்.

குழந்தை, வயதானவர்கள், சக்கர நாற்காலி என்றால் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. எல்லா எம்ஆர்டி நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு, எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏற்றலாம். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு, பெரியவரோடு வந்தால் கட்டணம் இல்லை. தள்ளுவண்டியை மடிக்காமலேயே பேருந்தில் ஏற்றலாம்.

மின்தூக்கி சில நேரம் நீங்கள் போக வேண்டிய எக்ஸிட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். முட்டிவலி உள்ளவர்களோடு வந்தால் முதலில் மின்தூக்கி எங்கே என்று பலகையில் பார்த்துவிட்டு அப்புறம் நடக்கத் தொடங்குங்கள்.

எந்த நாளில், எந்த நேரத்தில் வருவது நல்லது?

வார நாளில் வாருங்கள். நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டு, “ஒன்றுமே இல்லையே, எல்லாம் மூடிக் கிடக்கிறதே” என்கிறார்கள். ராஃபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே பக்கத்துக் கடைகளும் உணவகங்களும் அலுவலகம் போகிறவர்களை நம்பி நடப்பவை. சனி, ஞாயிறு பல கடைகள் திறப்பதே இல்லை. மரீனா பே சாண்ட்ஸ், சிட்டி ஹால் கடைத்தொகுதிகள் நேர்மாறு. அங்கே வார இறுதியில்தான் கூட்டம்.

காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரையும் ரயிலில் நெரிசல். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ரயிலில் இடம் இருக்கும், சாப்பிடும் இடங்களில் இருக்காது. ஆகவே, பிற்பகல் மூன்று மணி வாக்கில் வந்து சேருங்கள். பழைய தெருக்களையும் கோபுரங்களையும் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஏழு மணி சுமாருக்கு இங்கே சூரியன் மறையும். அந்த நேரத்துக்கு நீர்க்கரையில் இருந்தால் கோபுரங்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறுவதைப் பார்க்கலாம். கூட்டம் வீடு திரும்பிய பிறகு நீங்கள் ரயிலேறினால் உட்காரவும் இடம் கிடைக்கும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் திசையே தெரிவதில்லை. என்ன செய்வது?

இது உயரமான கட்டடங்களுக்கு நடுவே எல்லாருக்கும் வரும் பிரச்சினை. கைப்பேசி வரைபடமும் அங்கே கொஞ்சம் தடுமாறும், நீல வட்டம் தெருவுக்குத் தெரு தாவும். ஒவ்வொரு எக்ஸிட்டுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கிறது. பெரிய நிலையங்களில் அப்படிப் பல எக்ஸிட்கள். வாயிலைத் தாண்டியதும் சுவரில் வட்டார வரைபடம் இருக்கும். எந்தக் கட்டடத்துக்கு எந்த எக்ஸிட் என்று அதில் பார்த்துவிட்டு நகருங்கள். தவறான எக்ஸிட்டில் மேலே ஏறிவிட்டால், அகலமான சாலையைக் கடக்க மறுபடி சுற்ற வேண்டியிருக்கும்.

ராஃபிள்ஸ் பிளேஸில் நடுவில் உள்ள புல்வெளிப் பக்கம் மேலே வந்தால், நிலையத்தின் வாசலைத் திரும்பிப் பாருங்கள். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்க, வாசல் மட்டும் பழைய காலத்து மாளிகை முகப்பு போல இருக்கும். அந்தச் சதுக்கத்தில் முன்பு இருந்த ஜான் லிட்டில் என்ற பெரிய கடையின் முகப்பை நினைவுபடுத்தும்படி கட்டியது அது.

மழை வந்தால்?

வரும். குடை எடுத்து வாருங்கள். ஆனால் மழைக்காகத் திட்டத்தை மாற்ற வேண்டாம், ஏனென்றால் இந்த வட்டாரத்தின் பாதி நிலத்தடியில் இருக்கிறது. சிட்டி ஹாலிலிருந்து சிட்டிலிங்க் மால் வழியாக எஸ்பிளனேடு கலையரங்கம் வரை நனையாமல் நடக்கலாம். ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து நிலத்தடிப் பாதையில் மரீனா பே நிதி மையம் வரை போய், டவுன்டவுன் நிலையத்தை எட்டிவிடலாம். கொளுத்தும் வெயிலுக்கும் இதே வழிதான். மதிய உணவு நேரத்தில் மட்டும் சுரங்கப் பாதைகளில் நடை வேகம் கூடியிருக்கும், ஓரமாகப் போங்கள். படம் எடுக்க நடுவில் நிற்க வேண்டாம்.

பொருள் வாங்க நல்ல இடமா?

எதிர்பார்ப்பைப் பொறுத்தது. மரீனா பே சாண்ட்ஸ் கடைத்தொகுதி பெரும்பாலும் ஆடம்பரப் பெயர்களுக்கானது. கண்ணுக்கு விருந்து, பைக்குச் சோதனை. சாதாரணமாக வாங்கிப் போட சிட்டி ஹால் பக்கம் போங்கள். நிலையத்தின் மேலேயே ராஃபிள்ஸ் சிட்டி, கொஞ்சம் நடந்தால் ஃபுனான், நிலத்தடி வழியாகப் போனால் சன்டெக் சிட்டி. 2019-இல் புதிதாகக் கட்டித் திறந்த ஃபுனானுக்குள் மிதிவண்டிப் பாதையும் ஏறி விளையாடும் சுவரும் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இன்னும் கடைகள் வேண்டும் என்றால் ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து சிவப்புத் தடத்தில் நான்காவது நிறுத்தம் ஆர்ச்சர்ட்.

கடைகளில் ஒட்டியிருக்கும் விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும். சுற்றுலாப் பயணிகள் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒரு கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் அந்த வரியை விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி என்று பொருள். பத்து வெள்ளிச் சாப்பாடு பன்னிரண்டு வெள்ளியாகிவிடும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

உணவங்காடிகளுக்குப் போங்கள். ராஃபிள்ஸ் பிளேஸுக்கும் தெலுக் ஆயருக்கும் நடுவில் லாவ் பா சாட் இருக்கிறது. எட்டுப் பக்கங்கள் கொண்ட வார்ப்பிரும்புக் கட்டடம், நடுவில் மணிக்கூண்டு. 1894-இல் சந்தையாகத் திறந்தது. இதே எம்ஆர்டியின் சுரங்கம் அடியில் போவதற்காக 1980-களில் இந்தக் கட்டடத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி வைத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி பூட்டினார்கள்! ரயிலுக்காகப் பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளாமல் இப்படிச் செய்தது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. மாலை ஆனதும் பக்கத்து பூன் டாட் தெருவை மூடி, சாலையிலேயே மேசை போட்டு சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடுவார்கள். மேக்ஸ்வெல் நிலையத்தின் எதிரிலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி. அமோய் தெரு உணவங்காடியும் அருமையானது, ஆனால் அது வார நாள் மதியத்துக்கான இடம்.

காலி மேசையில் டிஷ்யூ பொட்டலமோ குடையோ கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இங்கே அதை ‘சோப்’ என்பார்கள். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். கடைக்காரர்களை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டால் போதும்.

கண்ணாடிக் கட்டடங்களைத் தவிர நமக்கு அங்கே என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். இந்த வட்டாரத்தைப் பணக்காரக் கோபுரங்களின் இடம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் மனசு கேட்பதில்லை.

ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து சில நிமிட நடையில் மார்க்கெட் ஸ்டிரீட். அந்தக் காலத் தமிழர்களுக்கு அது செட்டித் தெரு. நகரத்தார் அங்கே கிட்டங்கிகளில் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். நீளமான ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கொரு குட்டை மேசை, ஒரு பெட்டகம். பகலெல்லாம் கணக்கு வழக்கு, இரவில் அங்கேயே படுக்கை. வங்கி வாசலில் மதிக்கப்படாத சிறு வணிகர்கள் கடன் வாங்கியது இவர்களிடம்தான். 1970-களின் நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் போய்விட்டன. பக்கத்திலேயே வங்கிக் கோபுரங்களுக்கு நடுவில் சூலியா ஸ்டிரீட் ஓடுகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர் அது. சிங்கப்பூர் ஆற்றில் தொடக்க காலத்தில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கிய படகோட்டிகளில் பலர் அவர்கள்.

அப்படியே தெலுக் ஆயர் தெருவுக்குப் போங்கள். இன்று கடலே கண்ணில் படாத அந்தத் தெருதான் 19-ஆம் நூற்றாண்டில் கடற்கரை. பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். மரீனா பே கோபுரங்கள் நிற்பது முழுக்க அப்படிக் கிடைத்த மண்ணில். கடல் தாண்டி உயிரோடு கரை சேர்ந்தவர்கள் நன்றி சொல்லக் கட்டிய இடங்கள் அந்தத் தெருவில் வரிசையாக நிற்கின்றன. 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. நம் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது நினைவாக எழுப்பியது, இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். அடுத்து மாலுமிகளைக் காக்கும் தெய்வத்துக்குச் சீனர்கள் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில். இன்னும் சில அடிகள் போனால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் அதற்குக் கூச்சுப்பள்ளி என்றே பெயர்.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819-இல், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் வந்த கப்பலிலேயே வந்து இறங்கிய நாராயண பிள்ளை தொடங்கியது, 1827-இலிருந்து அதே இடத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் நடக்கும் தீமிதி ஊரறிந்தது. மதியத்தில் நடை சாத்தியிருக்கும், மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். ஒரு நாள் முழுக்கவே இந்தத் தெருக்களுக்குக் கொடுக்கலாம். நேரம் இல்லாதவர்கள் மரீனா பேயில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தாவது இங்கே வாருங்கள்.

மேலிருந்து ஊரைப் பார்க்கக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். அதே மார்க்கெட் ஸ்டிரீட்டில் கேப்பிட்டாஸ்பிரிங் என்ற கட்டடத்தின் 51-ஆம் மாடியில் தோட்டம் இருக்கிறது, அனுமதி இலவசம். வார நாட்களில் காலையும் பிற்பகலும் சில மணி நேரம் மட்டும் திறப்பார்கள், மதிய உணவு நேரத்தில் மூடிவிடுவார்கள். அன்றைய நேரத்தைக் கட்டடத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். மேலே நின்று கீழே செட்டித் தெருவைத் தேடிப் பாருங்கள்.

நீர்க்கரையைச் சுற்றி நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மரீனா பே விரிகுடாவை ஒரு சுற்று சுற்ற மூன்றரை கிலோமீட்டர் சுமார். நின்று நின்று போனால் ஒன்றரை மணி நேரம். ராஃபிள்ஸ் பிளேஸில் தொடங்கி, 1928-இல் கட்டிய ஃபுல்லர்ட்டன் கட்டடம் (முன்பு தலைமை அஞ்சலகம், இப்போது ஹோட்டல்), மெர்லயன், எஸ்பிளனேடு, ஹீலிக்ஸ் பாலம் என்று வந்து பேஃபிரண்டில் முடித்தால் பாதிச் சுற்றிலேயே முக்கியமானதெல்லாம் வந்துவிடும். ரயிலில் வருவதன் வசதியே இதுதான். இறங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை. கால் வலித்தால் அங்கேயே ரயிலேறிவிடலாம். கார்டன்ஸ் பை தி பே பூங்காவின் ராட்சத செயற்கை மரங்களில் இரவு 7:45-க்கும் 8:45-க்கும் நடக்கும் ஒளி, இசை நிகழ்ச்சியும் இலவசம்.

ரயிலில் எதெல்லாம் கூடாது?

சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். டுரியான் பழம் கொண்டுவரக் கூடாது. நகரும் படிகளில் இடப்பக்கம் நில்லுங்கள், வலப்பக்கம் அவசரமாக ஏறுகிறவர்களுக்கு.

பேருந்தில் வந்தால்?

அவசரமில்லாதவர்களுக்கு நல்லது, மாடிப் பேருந்தின் மேல்தளத்து முன்னிருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. நிறுத்தத்தில் கையைக் காட்டினால்தான் நிற்கும். இறங்கும்போதும் கார்டைத் தட்ட மறந்துவிடாதீர்கள். தட்டாவிட்டால் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்காகும்.

கடைசி ரயில் எத்தனை மணிக்கு?

நள்ளிரவை ஒட்டி. ஆனால் நிலையத்துக்கு நிலையம், திசைக்குத் திசை மாறும். நீங்கள் இடையில் தடம் மாற வேண்டியவர் என்றால், மாறும் நிலையத்தின் கடைசி ரயிலைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். பதினொன்றுக்கே கிளம்பிவிடுவது நிம்மதி. தவறவிட்டால் டாக்சிதான். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை மீட்டருக்கு மேல் 50 விழுக்காடு கூடும். சாலையோரத்தில் நின்று கை காட்டுவதைவிட, ஹோட்டல் அல்லது கடைத்தொகுதி வாசலில் இருக்கும் டாக்சி நிறுத்தத்துக்குப் போய் வரிசையில் நில்லுங்கள்.